தனிமங்களுக்கு வரிசை எண் தந்த இளைஞர்



காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது வருகைப் பதிவு. ஆசிரியை எண்ணைச் சொல்கிறார்; நாம் எழுந்து நிற்கிறோம். வகுப்பில் மூன்று பேருக்கு ஒரே பெயர் இருந்தாலும் குழப்பம் வருவதில்லை. ஏனெனில் ஓர் எண் ஒருத்திக்கு மட்டுமே உரியது. ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையின்போது நம் எடையையும் குறித்துக்கொள்கிறார்கள். அந்த எடையை வைத்து வருகைப் பதிவேட்டை எழுதினால் என்ன ஆகும்? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்ப் பலகாரம் தின்று திரும்பியதும் பதிவேட்டையே கிழித்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்!

உலகிலுள்ள தனிமங்களின் பதிவேடு நெடுங்காலம் அப்படித்தான், எடையை வைத்தே எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தி ஒவ்வொரு தனிமத்துக்கும் மாறாத எண் ஒன்று உண்டு என்று சோதனையால் நிலைநாட்டியவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர். பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவிகளாகிய எங்களுக்கு அவர் முதலில் ஒரு விதியின் பெயராகத்தான் அறிமுகமானார். மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடும் பெயர்களில் ஒன்று என்றே நினைத்திருந்தோம். அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அந்த விதியை வெளியிட்டபோது அவருக்கு வயது 26. அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அவர் உயிருடன் இல்லை.

குடும்பம்

ஹென்றி க்வின் ஜெஃப்ரீஸ் மோஸ்லி 1887-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் நகரில் பிறந்தார். வீட்டில் ஹாரி என்று அழைத்தனர். தந்தை ஹென்றி நாட்டிஜ் மோஸ்லி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். ‘சேலஞ்சர்’ என்ற கப்பலில் உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த இயற்கை அறிஞர்களில் ஒருவர்.

இந்தத் தந்தைக்கும் தமிழ் பேசும் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1871 டிசம்பர் 12-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. அதன் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடபகுதி வழியே சென்றது. அதைக் காண வந்த அறிஞர்களில் சிலர் நீலகிரி மலையில் கருவிகளுடன் காத்திருந்தனர். ஆங்கில அரசு இலங்கைக்கு அனுப்பிய குழுவில் வந்த மோஸ்லியின் தந்தை, திருகோணமலைப் பகுதியிலிருந்து சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தார். ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று அறியும் கலை அது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மகன் அதே கலையைக் கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் கதிர்களில் கையாளப் போகிறார். அதைக் காணத் தந்தைக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஹாரிக்கு நான்கு வயது நிறையுமுன், 1891-ல் அவர் காலமானார்.

பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் தாய் அமபெல். அவரும் அறிவிற் சிறந்தவர். 1913-ல் பிரிட்டிஷ் மகளிர் சதுரங்கப் போட்டியில் வாகை சூடியவர். மகன் அணுக்களோடு போராடிக் கொண்டிருந்த அதே ஆண்டில் தாய் சதுரங்கப் பலகையில் வென்றார் என்பது நம்மைப் போன்ற பெண்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா?

படிப்பு

உதவித்தொகை பெற்று ஈட்டன் பள்ளியில் சேர்ந்த ஹாரி, 1906-ல் இயற்பியலிலும் வேதியியலிலும் பரிசு பெற்றார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியில் பயின்றார். 1910-ல் இறுதித் தேர்வு வந்த வேளையில் மகரந்த ஒவ்வாமையால் அவதிப்பட்டார். எதிர்பார்த்த முதல் வகுப்பு கைநழுவி, இரண்டாம் வகுப்பே கிடைத்தது. தேர்வு முடிவைப் பார்த்துக் கண் கலங்கும் தோழியர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பு வாங்கிய அந்த மாணவரின் பெயரை இன்று உலகமெங்கும் முதல் வகுப்பு வாங்குபவர்கள் படிக்கிறார்கள்.

அதே ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரதர்ஃபோர்டிடம் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே ரதர்ஃபோர்டு, அணுவின் நடுவில் நேர்மின்னூட்டம் கொண்ட மிகச் சிறிய கரு உண்டு என்று அறிவித்தார். இதற்கிடையில் 1912-ல் ஜெர்மனியில் லாவே என்பவரின் யோசனைப்படி, படிகங்களைக் கொண்டு எக்ஸ் கதிர்களைச் சிதறச் செய்து ஆராயலாம் என்பது தெரியவந்தது. மோஸ்லியின் மனம் அதில் சென்றது. ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் அந்தத் துறையில் பழகியவர் எவரும் இல்லை. மோஸ்லி தயங்கவில்லை. லீட்ஸ் நகரிலிருந்த பேராசிரியர் வில்லியம் பிராகிடம் சென்று நுட்பத்தைக் கற்றுக்கொண்டு வந்தார்.

பதிவேட்டில் இருந்த சிக்கல்

1869-ல் ரஷ்ய அறிஞர் மெண்டலீவ், தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கியபோது, ஒத்த குணமுள்ளவை ஒரே குடும்பமாக வந்து அமைந்தன. ஆனால் சில இடங்களில் மட்டும் வரிசை இடித்தது. டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. எடைப்படி அயோடின்தான் முன்னால் நிற்க வேண்டும். குணப்படி பார்த்தாலோ அது பின்னால் நின்றால்தான் தன் உறவினரான குளோரின், புரோமினோடு சேரும். பின்னர் கண்டறியப்பட்ட ஆர்கானின் எடை 39.95; அதற்குப் பின்னால் நிற்க வேண்டிய பொட்டாசியத்தின் எடை 39.10. கோபால்ட் 58.93; நிக்கல் 58.69. இங்கும் அதே தகராறு!

எடையை அளந்ததில் பிழை இருக்கும் என்று சிலர் எண்ணினர். திரும்பத் திரும்ப அளந்தும் பிழை அகலவில்லை. அந்நாளில் தனிமத்தின் எண் என்பது பட்டியலில் அது எத்தனையாவது என்பதைக் குறிக்கும் அடையாளம் மட்டுமே. அந்த எண்ணுக்கு அணுவுக்குள்ளேயே பொருள் உண்டு, அது கருவின் மின்னூட்டமாக இருக்கலாம் என்று வான் டென் புரூக் என்ற டச்சு வழக்கறிஞர் கருத்துத் தெரிவித்தார். நீல்ஸ் போரின் புதிய அணுக்கொள்கையும் அந்தப் பக்கமே சுட்டியது. கருத்து இருந்தது; சான்று இல்லை. சான்று தேடி 1913-ல் மோஸ்லி ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

தண்டவாளத்தில் ஓடிய தனிமங்கள்

அவருடைய கருவி குழந்தைகளின் விளையாட்டு ரயிலை நினைவூட்டும். காற்று நீக்கிய ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் சிறு தண்டவாளம். அதன்மேல் ஒரு குட்டி வண்டி. அந்த வண்டியில் ஒவ்வொரு தனிமத்தின் துண்டையும் வரிசையாக வைத்தார். மீன் பிடிக்கப் பயன்படும் பட்டு நூலால் வண்டியை இழுத்தால், ஒவ்வொரு துண்டாக எலக்ட்ரான்கள் வந்து மோதும் இடத்தில் நிற்கும். மோதிய எலக்ட்ரான், அணுவின் உட்புறத்திலுள்ள ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடும். காலியான அந்த இடத்தில் மேலிருக்கும் எலக்ட்ரான் வந்து விழும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். கருவின் மின்னூட்டம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு வலிமையாக எலக்ட்ரான் இழுக்கப்படும். கதிரின் அதிர்வெண்ணும் அதற்கேற்ப உயரும். அந்தக் கதிரைப் படிகத்தின்மேல் விழச் செய்து, ஒளிப்படத் தகட்டில் கோடுகளாகப் பதிவு செய்தார். இரவு பகல் பாராமல் உழைத்தார்.

முதலில் கால்சியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள். அவர் கண்டதை நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு, துத்தநாகம் ஆகியவை வெளியிடும் முக்கியமான எக்ஸ் கதிரின் அலைநீளம் முறையே 1.94, 1.79, 1.66, 1.54, 1.44 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொன்றாலும் 1-ஐ வகுத்து, வரும் விடைக்கு வர்க்கமூலம் காணுங்கள். 0.72, 0.75, 0.78, 0.81, 0.83 என்று வரும். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 0.03! அலைநீளத்தின் தலைகீழ் எண் அதிர்வெண்ணைக் காட்டுவது. ஆகவே அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குச் சம அளவு உயர்கிறது. இதுவே மோஸ்லி விதி. எடை அப்படி ஒழுங்காக உயர்வதில்லை; மின்னூட்டம் மட்டுமே ஒன்று ஒன்றாக உயர்கிறது. அந்த எண்ணே அணு எண். நாங்கள் பலகையில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது, நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் அடைந்த மகிழ்ச்சியில் ஒரு துளி எங்களுக்கும் கிடைத்தது.

நம் மலைக்கோட்டைப் படிகள் எல்லாம் ஒரே உயரம் என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் ஏறினாலும் நடுவே ஒரு படி உடைந்து போயிருந்தால் கால் அதை உடனே அறியும். மோஸ்லியின் படத்திலும் அப்படியே. கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் இடையே ஒரு படி இரட்டிப்பாக இருந்தது. அங்கே நிற்க வேண்டிய ஸ்காண்டியம் அவர் வண்டியில் இல்லை. கோபால்ட், நிக்கல் தகராறும் தீர்ந்தது. கோபால்ட் 27, நிக்கல் 28. எடை என்ன சொன்னாலும் வரிசை இதுதான்.

துத்தநாகத்துக்கு அவர் பயன்படுத்தியது பித்தளைத் துண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. தகட்டில் செம்பின் கோடுகளும் துத்தநாகத்தின் கோடுகளும் தனித்தனியே விழுந்தன. உருக்கிக் கலந்து ஒன்றாக்கினாலும் ஒவ்வோர் அணுவும் தன் எண்ணை இழக்கவில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். பூட்டின் இரும்புக்கு எண் 26. பித்தளையிலுள்ள செம்புக்கு 29, துத்தநாகத்துக்கு 30. நம் ஊர்த் தோல் பதனிடும் தொழிலில் பயன்படும் குரோமிய உப்பிலுள்ள குரோமியத்துக்கு 24. இந்த நான்கும் மோஸ்லியின் குட்டி வண்டியில் ஏறிப் பயணம் செய்தவையே.

எண் வேறு, எடை வேறு

கோபால்ட்டின் எண் குறைவு. எடை மட்டும் ஏன் அதிகம்? இந்தக் கேள்விக்கு மோஸ்லியின் காலத்தில் முழு விடை இல்லை. 1913-ல் ஃபிரடெரிக் சாடி, ஒரே தனிமத்தின் அணுக்கள் வெவ்வேறு எடையில் இருக்கலாம் என்று கூறினார். அவற்றுக்கு ஐசோடோப்பு என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். 1919-ல் ஆஸ்டன் அவற்றைப் பிரித்து எடையிடும் கருவியை அமைத்தார். 1932-ல், மான்செஸ்டரில் அதே ரதர்ஃபோர்டிடம் பயின்ற சாட்விக், மின்னூட்டமற்ற நியூட்ரானைக் கண்டுபிடித்தார். விடை முழுமை பெற்றது.

கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்து எண்ணினால் நிறை எண். இயற்கையில் கிடைக்கும் கோபால்ட் அணு ஒவ்வொன்றிலும் 27 புரோட்டான்கள், 32 நியூட்ரான்கள். நிறை எண் 59. நிக்கலில் 28 புரோட்டான்கள். ஆனால் அதன் அணுக்களில் பெரும்பான்மையானவற்றில் நியூட்ரான்கள் 30 மட்டுமே; நிறை எண் 58. புரோட்டான் ஒன்று கூடியும் நியூட்ரான் இரண்டு குறைந்ததால் எடை தாழ்ந்தது. ஆர்கானும் பொட்டாசியமும் அவ்வாறே. பெரும்பாலான ஆர்கான் அணுக்களின் நிறை எண் 40. பெரும்பாலான பொட்டாசிய அணுக்களின் நிறை எண் 39. எடை அளந்ததில் பிழையே இல்லை. எடையைப் பெயராக எண்ணியதுதான் பிழை!

தேர்வில் நாம் அடிக்கடி தடுமாறும் இடம் இதுவே. புரோட்டானின் எண்ணிக்கை மாறினால் தனிமமே மாறிவிடும். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் தனிமம் அதேதான். கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகளுக்கு உரிய கனநீரிலும் ஹைட்ரஜன்தான் இருக்கிறது. அந்த ஹைட்ரஜனின் நிறை எண் 2. அணு எண் என்னவோ 1 தான். எடை கூடியதால் அது ஹீலியம் ஆகிவிடவில்லை.

காலி இருக்கைகள்

1913-ன் இறுதியில் மோஸ்லி ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பினார். அங்கே அவருக்குச் சம்பளமுள்ள பதவி எதுவும் இல்லை. வேலை செய்ய இடம் மட்டும் கிடைத்தது. 1914-க்குள் அலுமினியம் முதல் தங்கம் வரை, அதாவது 13 முதல் 79 வரை, தம் முறையை நீட்டினார். பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் உர்பேன் தாம் பல ஆண்டுகள் பாடுபட்டுப் பிரித்த அரிய மண் தனிமங்களை எடுத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். அவற்றில் எவையெவை உள்ளன என்று மோஸ்லி சில நாட்களிலேயே சொல்லிவிட்டார். உர்பேன் புதிய தனிமம் என்று கருதிய பொருளில் புதிய தனிமத்தின் கோடு இல்லை என்பதும் வெளிப்பட்டது.

மோஸ்லியின் வழியால் பதிவேட்டில் எந்த எண்ணுக்கு ஆள் வரவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. 43, 61, 72, 75 ஆகிய இருக்கைகள் காலி. இவற்றில் 72, கோபன்ஹேகனில் 1923-ல் எக்ஸ் கதிர்க் கோடுகளாலேயே அகப்பட்டது. ஹாஃப்னியம் எனப் பெயர் பெற்றது. 75-ஆம் தனிமமான ரீனியத்தை 1925-ல் கண்டறிந்த மூவரில் ஒருவர் ஈடா டாக்கே என்ற பெண்மணி. 43 ஆகிய டெக்னீசியம் 1937-லும், 61 ஆகிய புரோமீத்தியம் 1945-லும் அறியப்பட்டன. பின்னாளில் காலியாக நின்ற 87-ஐ 1939-ல் நிரப்பியவர் மார்கரெட் பெரே என்ற பிரெஞ்சுப் பெண்மணி; மேரி கியூரியிடம் உதவியாளராகப் பணி தொடங்கியவர். இன்று 1 முதல் 118 வரை ஓர் இருக்கையும் காலியில்லை.

போர்க்களம்

1914-ல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்துக்காகத் தாயுடன் ஆஸ்திரேலியாவுக்குப் பயணமானார் மோஸ்லி. அந்த வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. கூட்டம் முடிந்ததும் தாயகம் திரும்பிப் படையில் சேர்ந்தார். வேண்டாம் என்று தடுத்தவர்களின் பேச்சு எடுபடவில்லை. பொறியாளர் படையில் செய்தித் தொடர்பு அதிகாரியாக நியமிக்கப்பட்டு, 1915 கோடையில் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்துக்கு அனுப்பப்பட்டார். ஆகஸ்டு மாதம் அந்தக் குன்றுகளில் நடந்த கடும் போரில் நம் நாட்டுச் சீக்கிய வீரர்களும் கூர்க்கா வீரர்களும் மடிந்தனர். ஆகஸ்டு 10-ஆம் நாள், தொலைபேசியில் படைக்கான கட்டளையைச் சொல்லிக்கொண்டிருந்த மோஸ்லியின் தலையில் குண்டு பாய்ந்தது. வயது 27.

களத்தில் இருந்தபடியே அவர் எழுதிய உயிலில், தம் உடைமைகளையெல்லாம் அறிவியல் ஆராய்ச்சிக்கெனப் பிரிட்டனின் ராயல் சங்கத்துக்கு விட்டிருந்தார். அவருக்குத் தனிக் கல்லறை இல்லை. கலிப்போலியிலுள்ள ஹெல்லஸ் நினைவுச் சின்னத்தில், ஆயிரக்கணக்கான பெயர்களோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த ஆண்டு நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது, பரிசு கிடைக்கவில்லை. ரதர்ஃபோர்டு மனம் நொந்து, இத்தகைய அறிவாளரை ஆய்வகத்தில் பயன்படுத்தாமல் போர்முனைக்கு அனுப்பியது நாட்டுக்கே இழப்பு என்ற கருத்தை அறிவியல் இதழில் எழுதினார்.

அதைப் படித்தபோது எங்களுக்குள் விவாதம் எழுந்தது. அறிஞர் என்பதால் மட்டும் ஓர் உயிர் உயர்ந்ததா? அதே குன்றில் விழுந்த நம் நாட்டு வீரரின் தாயும், துருக்கி வீரரின் தாயும் அழுதிருக்க மாட்டார்களா? நெடுநேரம் பேசினோம். போரில் இத்தனை ஆயிரம் பேர் மாண்டனர் என்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு தொகையாகப் படித்துவிட்டுப் போகிறோம். அந்தத் தொகைக்குள் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் இல்லை. மோஸ்லியின் வாழ்க்கையைப் படித்ததால்தான் எங்களுக்கு இது உறைத்தது. இழப்பு எல்லா வீட்டிலும் ஒன்றே என்ற முடிவுக்கு வந்தோம்.

மோஸ்லி ஆராய்ச்சியில் செலவிட்ட காலம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். நாம் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து மேல்நிலைப் படிப்பை முடிக்கும் காலத்தைவிடக் குறைவு! அதற்குள் உலகின் அடிப்படைப் பொருள்களுக்கெல்லாம் மாறாத வரிசையைத் தந்துவிட்டுச் சென்றார். நாளைக் காலை ஆசிரியை நம் எண்ணைச் சொல்லும்போது, அந்த இளைஞரை ஒரு கணம் நினைத்துக்கொண்டு எழுந்து நிற்போம். எடையோ, மதிப்பெண்ணோ, வகுப்போ நம்மை யார் என்று முடிவு செய்வதில்லை. நமக்குள் இருப்பதை உழைப்பால் வெளிக்கொணர்வோமாக!